661இற்குப் பிறகு

பிள்ளைகளே, கணக்குக் கொப்பியில் வரிக்கு ஆறு எண்ணாக 1இலிருந்து எழுதிக்கொண்டு போங்கள். 1ஐயும், பிறகு 2, 3, 5 என்ற எண்களை விட்டுவிட்டு அவற்றின் மற்ற மடங்குகளையும், இப்படியே அடுத்தடுத்து வெட்டிக்கொண்டு போனால் எஞ்சுவன முதன்மை எண்கள். 2, 3 தவிர மற்றவை எல்லாம் முதலாம் நிரலிலும் ஐந்தாம் நிரலிலும் மட்டுமே நிற்கும். ஆறின் மடங்கு ஒன்றுக்கு முன்னும் பின்னும் முதன்மை எண் வந்தால் அது இரட்டைச் சோடி: 11உம் 13உம், 17உம் 19உம், 29உம் 31உம். 3, 5 என்ற முதற் சோடி மட்டும் இதற்குப் புறம்பு. 100இற்குள் 8 சோடிகள்; 1000இற்குள் 35.

தன்னாமுனையில் வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் கணிதம் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தப் பயிற்சியில் அநேகர் ஓரிடத்தில் சோர்ந்துவிடுவார்கள். 659, 661 கிடைத்த பிறகு 700 போகும், 750 போகும், 800உம் போகும். ஒரு சோடியும் அகப்படாது. "இனி இல்லை சேர்" என்பார்கள். இன்னும் கொஞ்சம் எழுதச் சொல்வேன். 809, 811 வரும். பிறகு 821, 823. உடனே 827, 829. அவ்வளவு நீண்ட வெறுமைக்குப் பின் இருபத்தொரு எண்ணுக்குள் மூன்று சோடிகள்! காணாதது வேறு, இல்லாதது வேறு.

மனிதர் வாழ்விலும் இப்படித்தான். இடம்பெயர்வால் படிப்பை விட்ட என் மாணவன் ஒருவன், தம்பியின் வயதுப் பிள்ளைகளோடு மறுபடி வாங்கில் வந்து உட்கார்ந்தான். விட்டுப்போன வருடங்களை எண்ணி அவன் வெட்கப்பட்டதுண்டு. வெட்கத்தோடேயே உயர்தரமும் எழுதினான். தாமதத்தைத் தோல்வியென்று எண்ணுகிறவர்களுக்கு அவனைத்தான் நான் காட்டுவேன்.

மறுபடி எண்களுக்கு வருவோம். எண்கள் பெருகப் பெருக முதன்மை எண்கள் அருகும். ஆயிரத்தை அண்டிச் சராசரி இடைவெளி ஏறத்தாழ 7. பத்து இலட்சத்தை அண்டி 14. ஆனாலும் பத்து இலட்சத்துக்குள் 8169 சோடிகள் இருக்கின்றன. அவற்றுக்கு முடிவுண்டா என்பது இன்றுவரை தீராத கேள்வி.

நெருங்கி நிற்கும் எண்களை நம்மவர் ஒருவரும் ஆராய்ந்தார். குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்த சு. சி. பிள்ளை, இளமையிலேயே பெற்றோரை இழந்தவர்; பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். 8உம் 9உம், 25உம் 27உம், 125உம் 128உம் போல, ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி வரும் அடுக்கு எண்கள் குறித்த ஓர் இடைவெளியில் அருகருகே நிற்பது எத்தனை முறை நேரும் என்று கேட்டார். எந்த இடைவெளிக்கும் அது ஓர் எல்லைக்குள் நின்றுவிடும் என்பது அவர் கருத்து. இடைவெளி 1இற்கு 8, 9 தவிர வேறில்லை என்பது 2002இல்தான் நிறுவப்பட்டது. பிள்ளையின் முழுக் கருத்து இன்னும் நிறுவப்படவில்லை. 1950இல் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் எகிப்தில் விமானம் விழுந்து அவர் மறைந்தார். அந்த இழப்பை நினைக்குந்தோறும் எனக்கு மனம் கனக்கும்.

முதன்மைச் சோடிகளின் கேள்வியில் ஒரு பெரிய அடி வைத்தவரும் தாமதமாக வந்தவர்தான். யிடாங் ஜாங் என்ற சீனர் 1991இல் கலாநிதிப் பட்டம் பெற்றும் தகுந்த வேலை கிடைக்காமல், உணவுக் கடையில் கணக்கெழுதியும் பிழைத்தார். பிறகு கிடைத்ததும் நியூ ஹாம்ஷயரில் ஒரு சாதாரண விரிவுரையாளர் வேலைதான். பெயர் தெரியாத அந்த ஆண்டுகளிலும் கணக்கைக் கைவிடவில்லை. 2013இல், 58 வயதில், ஏழு கோடிக்குக் குறைந்த இடைவெளியுள்ள முதன்மைச் சோடிகளுக்கு முடிவே இல்லை என்று நிறுவினார். அதுவரை எந்த எல்லையையும் எவரும் நிறுவியதில்லை. அடுத்த ஆண்டுக்குள் மற்றவர்கள் கூடி அந்த எல்லையை 246 வரை இறக்கினார்கள். அங்கிருந்து 2இற்கு வர, கையிலுள்ள வழிகள் போதா என்கிறார்கள் துறையறிந்தவர்கள்.