இல்லாத வயலின்

ஆசையாய் ஒரு கிடார் வாங்கி, கற்றுத்தர ஆளில்லை என்று மூலையில் சாத்தி வைத்தவன் நான். என்னை வெட்கப்பட வைத்தவர் டாக் வாட்சன்.

அமெரிக்காவின் வடகரோலினா மாநிலத்தில் டீப் கேப் என்னும் மலைக்கிராமத்தில் 1923-இல் பிறந்தவர் அவர். கைக்குழந்தையாய் இருந்தபோதே கண்ணொளி போயிற்று. 11 வயதில் தந்தை தம் கையாலேயே ஒரு பாஞ்சோ செய்து கொடுத்தார். பின்னாளில் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தும் குடும்பத்தைக் காத்தார்.

1950-களில் நடன நிகழ்ச்சிகளுக்கு வாசிக்கும் குழு ஒன்றில் சேர்ந்தார். ஆடுவோருக்கு வயலின் மெட்டுகள் வேண்டும். குழுவிலோ வயலின்காரர் இல்லை. வாட்சன் அந்த விரைந்த மெட்டுகளைக் கிடாரிலேயே வாசித்துப் பழகினார். பெரும்பாலும் பக்கத்துணையாக நின்ற கருவி, அவர் கையில் முன்வரிசைக்கு வந்தது! 1963-இல் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் பெரும் கூட்டம் அவரைக் கேட்டபோது அவருக்கு வயது 40. பின்வந்த புளூகிராஸ் கிடார் கலைஞர் பலருக்கும் அவரே வழிகாட்டி.

கூடவே வாசித்த மகன் மெர்ல் 1985-இல் டிராக்டர் விபத்தில் மாண்டார். அந்தத் துயரிலும் தந்தை இசையை விட்டுவிடவில்லை. மகன் நினைவாக 1988-இல் ஒரு கல்லூரி வளாகத்தில் விழா தொடங்கிற்று. 2012-இல் மறையும் வரை அதன் உயிராக இருந்தார்.

நண்பர்களே! இல்லாத வயலின் அவரைக் கலைஞராக்கியது. இல்லாத ஆசிரியரோ எனக்கு வெறும் சாக்கானார். நேற்றுத்தான் கிடாரின் தூசியைத் துடைத்தேன். விரல் நோகிறது, நோகட்டும்.