அப்பாவின் ரெட்டை மாடி பஸ்



பொழுதுபோக்கு என்னன்னு கேட்டா சிலர் தபால்தலை சேகரிப்பதாகச் சொல்வார்கள், சிலர் பழைய நாணயம் என்பார்கள். நான் சேகரிப்பது பழைய இரும்புக் கார் பொம்மைகள். என்னிடம் இருப்பது மொத்தம் மூணே மூணுதான். சிரிக்காதீங்க. படிச்சு முடிச்சிட்டுச் சிரிங்க.

எங்க தாத்தா சிங்கப்பூரில் வேலை பார்த்தாங்க. மூணு வருஷம், நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பேராவூரணிக்கு வருவாங்களாம். வரும்போதெல்லாம் அப்பாவுக்கு உள்ளங்கையில் அடங்குற மாதிரி ஒரு கார். நாலு தடவை வந்தாங்க, நாலு கார். அப்பா அதை ஒரு மைலோ டப்பாவில் போட்டு, பெரியவங்க ஆன பிறகும் பத்திரமா வச்சிருந்தாங்க.

எங்க அப்பாயிக்குத் தேதியெல்லாம் தெரியாது. ஆனா ஒவ்வொரு காரும் எப்போ வந்துச்சுன்னு தெரியும். சிவப்பு ரெட்டை மாடி பஸ்ஸைக் காட்டினால், "இது புயலடிச்சதுக்கு மறு வருசம் வந்தது" என்பார்கள். அந்தப் புயல் 1977 நவம்பர் 12-ல் வந்தது. அப்படின்னா பஸ் வந்தது 1978.

அதற்குப் பிறகு இன்னொரு புயல் வந்தது நம்ம எல்லாருக்கும் தெரியும். 2018 நவம்பர் 16 விடியக்காலையில் கஜா. அப்போ நான் மூணாவது. கொல்லைத் தென்னை எங்க ஓட்டு வீட்டு மேலேயே சாய்ந்தது. மறுநாள் ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவில் மைலோ டப்பா நசுங்கிக் கிடந்தது. மூணு கார் கிடைச்சது. பச்சை லாரி கிடைக்கவே இல்லை. ஊரே தென்னையை இழந்து நின்னப்ப, பொம்மை லாரிக்கு யாரு அழுவா? ஆனா அப்பா ரெண்டு நாள் தேடினாங்க.

அந்தப் பஸ்ஸின் அடியில் என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பார்த்ததில்தான் எனக்கு இந்த ஆர்வமே வந்தது. 'லெஸ்னி, மேட் இன் இங்கிலாந்து' என்று இருந்தது. லெஸ்னி கம்பெனியை 1947-ல் லண்டனில் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரு நண்பர்கள் தொடங்கினார்கள். இரண்டு பேர் பெயரையும் சேர்த்ததுதான் 'லெஸ்னி'. அவர்களோடு சேர்ந்த ஜாக் ஓடெல் என்பவரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மைதான் கொண்டுவரலாம் என்று சட்டமாம். அவர் மகளுக்காகத் தீப்பெட்டி அளவில் ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 'மேட்ச்பாக்ஸ்' கார்கள். எங்க பஸ் அதில் 17-ஆம் எண், பெயர் 'தி லண்டனர்'. அந்த வகை 1972-ல் வெளிவந்தது.

இன்னொரு விஷயம். இரும்புக் கார்னு நாம சொன்னாலும் அது இரும்பே இல்லை. பெரும்பகுதி துத்தநாகம், கூடக் கொஞ்சம் அலுமினியம். சுமார் 390 டிகிரியிலேயே உருகிவிடும். அதை எஃகு அச்சுக்குள் வேகமாகச் செலுத்திக் குளிர வைக்கிறார்கள். சுவாமிமலையில் சிலை வார்க்கும்போது ஒவ்வொரு சிலைக்கும் மண் அச்சை உடைத்துவிடுவார்கள். இங்கே அச்சு உடையாது. ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கலாம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

எல்லாம் ஒரே மாதிரி என்று நம்பித்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

போன வருஷம் பொங்கலுக்கு அப்பா வருவதாக இருந்தது. அப்பாவும் இப்போ சிங்கப்பூரில்தான். வந்ததும் அசத்தலாம்னு பஸ்ஸை எடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பக்கவாட்டில் 'பெர்ஜர் பெயிண்ட்ஸ்' என்று ஒரு ஸ்டிக்கர், அதையும் சுரண்டினேன். மேல்கூரை மூலையில் பெயிண்ட் தெறிச்சு ஒரு சின்னப் பள்ளம், அதைப் பட்டி வைத்து அடைத்தேன். கேட்டுக்கு அடிச்சது போக மிச்சம் இருந்த சிவப்புப் பெயிண்டைப் பூசினேன். பளபளன்னு இருந்தது.

அப்பா கையில் வாங்கினாங்க. கட்டைவிரலால் கூரை மூலையைத் தடவிப் பார்த்தாங்க. "இங்க ஒரு பள்ளம் இருந்துச்சுல்ல?" அவ்வளவுதான் கேட்டாங்க. திட்டவே இல்லை. டப்பாவில் வச்சிட்டாங்க.

ராத்திரி அப்பாயிதான் சொன்னாங்க. 1978-ல் லீவு முடிஞ்சு தாத்தா திரும்பக் கிளம்புன அன்னைக்கு, அப்பா கோவத்துல அந்தப் பஸ்ஸை வாசப்படிக் கல்லுல தூக்கி அடிச்சிருக்காங்க. தாத்தாவே குனிஞ்சு எடுத்து, துடைச்சு, அப்பா கையில குடுத்துட்டுப் போனாங்களாம். அதுதான் அந்தப் பள்ளம். நான் அதைப் பட்டி வச்சு மூடிட்டேன்.

பழைய கார் சேகரிப்பவர்கள் பெயிண்ட் மாற்றியதை விரும்ப மாட்டார்கள், விலையும் குறைந்துவிடும் என்று பிறகுதான் படித்தேன். எங்க வீட்டில் குறைந்தது விலை இல்லை.

பொங்கல் முடிஞ்சு அப்பா கிளம்புனப்போ நான் எதையும் தூக்கி அடிக்கலை. அந்த வயசெல்லாம் எனக்குத் தாண்டிப் போச்சு. ஒரு நோட்டுப் போட்டு, அப்பாயியிடம் கேட்டுக் கேட்டு, எந்தக் கார் எந்த வருஷம் வந்தது, எந்தக் கீறல் எப்படி வந்தது என்று எழுத ஆரம்பித்தேன். தொலைந்துபோன பச்சை லாரிக்கும் ஒரு பக்கம் உண்டு.

நண்பர்களே, நம்ம ஊரில் சிங்கப்பூர், மலேசியா போகாத குடும்பம் குறைவு. உங்க வீட்டுப் பரணிலும் ஒரு கார் கிடக்கலாம். எடுத்துத் திருப்பி அடியில் படிங்க. 'லெஸ்னி' என்றால் மேட்ச்பாக்ஸ். 'டிங்கி' என்றால் பெரும்பாலும் லிவர்பூலில் செய்தது. 'நிக்கி டாய்ஸ்' என்றால், டிங்கியின் பழைய அச்சுகளை வாங்கி நம் கல்கத்தாவில் வார்த்தது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாளும் பெயிண்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் கீறல் எப்படி வந்ததுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட முதல்ல கேளுங்க.

அப்புறம் என்கிட்டயும் ஒருமுறை காட்டுங்க. கேட்க மாட்டேன், பார்த்துட்டுத் தந்துடுவேன்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்