கட்டம் போட்ட துண்டு கட்டிய பொம்மை

சென்ற மே மாத விடுமுறையில் நமது தங்கை வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தோம். ஷார்ஜாவிலிருந்து வந்திருந்த மச்சான், தம் மகனுக்கு ஒரு சிறு பெட்டி வாங்கி வந்திருந்தார். அதனுள் லெகோ பாணியில் பத்துப் போர்வீரர்கள். ஒவ்வொருவரும் கட்டைவிரல் உயரம். எட்டுப் பேருக்குத் தலைக்கவசம், மார்புக் கவசம், கையில் துப்பாக்கி. மற்ற இருவருக்கோ தலையையும் முகத்தையும் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு.

அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளை பாயில் போரைத் தொடங்கினான். ஒவ்வொரு முறையும் அந்த இருவரே வீழ்ந்தனர்.

“இவங்க மட்டும் ஏன் விழுறாங்க?” என்று கேட்டோம்.

“இவங்க கெட்டவங்க மாமா.”

“எப்படித் தெரியும்?”

“துண்டு கட்டியிருக்காங்கல்ல” என்றவன், நமது தோளில் கிடந்த அதே கட்டம் போட்ட துண்டைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. இத்தகைய பொம்மைகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் படித்தோம்.

லெகோ நிறுவனம் 1932 இல் டென்மார்க்கின் பில்லுண்ட் எனும் சிற்றூரில் ஒரு தச்சரால் தொடங்கப்பட்டது. இன்று நாம் காணும், கைகால் அசையும் சிறு மனித உருவம் 1978 இல் வந்தது. வாளேந்திய கோட்டை வீரர்களையும் பழங்காலத் துப்பாக்கி ஏந்திய கடற்கொள்ளையரையும் தயக்கமின்றி விற்கும் அந்நிறுவனம், இக்காலப் போர்க்கருவிகளை உள்ளபடியே செய்வதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. (ஆயுதத்துக்கு வயதாகிவிட்டால் அது விளையாட்டுப் பொருளாகிவிடும் போலும்!) 2020 இல் ஆஸ்ப்ரே எனும் விமானத்தின் மாதிரியை மீட்பு விமானமாகவே வடிவமைத்திருந்தும், நிஜத்தில் அது இராணுவத்தின் விமானம் என்று ஜெர்மனியின் அமைதி அமைப்பொன்று எதிர்க்கவே, விற்பனைக்கு வரும் முன்பே அதைக் கைவிட்டனர்.

பெரிய நிறுவனம் செய்ய மறுத்ததைச் சிறு தயாரிப்பாளர்கள் செய்தனர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வில் சாப்மன் என்பவர், தம் மகன் இரண்டாம் உலகப் போர் ஆயுதங்களைத் தன் பொம்மைகளுக்குக் கேட்டதால், வீட்டிலேயே அச்சு வார்த்துச் செய்து கொடுத்தார். அதுவே பின்னர் பிரிக்ஆர்ம்ஸ் எனும் தொழிலாயிற்று. வேறு சிலர் அசல் லெகோ உருவங்களின் மீதே சீருடையும் முகமும் அச்சிட்டு விற்கின்றனர். அந்தத் தந்தையின் மீது நமக்குக் கோபம் எழவில்லை. பிள்ளை கேட்டதைச் செய்து கொடுக்க விரும்பாத வாப்பா எங்கே இருக்கிறார்?

ஆனால் படைக்கு எதிரி வேண்டுமே. சீருடையைப் பார்த்தே ஜெர்மானியப் படைவீரனை அறிந்துகொள்ளலாம். இக்காலப் போருக்கு எதிரியை எப்படிக் காட்டுவது? முகத்தில் துணியைச் சுற்றிவிட்டால் போதும். 2008 இல், முகம் மறைத்து எறிகுண்டு தாங்கிய இத்தகைய பொம்மை ஒன்று பிரிட்டனின் செய்தித்தாள்களில் பெரும் சர்ச்சையானது. அங்குள்ள முஸ்லிம் அமைப்பொன்று அதைக் கண்டித்தது. செய்தவர்கள் அதற்கு இட்ட பெயர் கொள்ளையன் என்பதே. மார்க்கத்தின் பெயரை எவரும் அதன்மேல் எழுதவில்லை. நமது வீட்டுப் பெட்டியிலும் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை; தயாரித்தவர் பெயர்கூட இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை தானாகவே படித்துக்கொண்டான்.

இதில் நமது குறையும் உண்டு. பொம்மைகள் பற்றி மதரஸாவில் கேள்வி வந்தால், உருவம் கூடுமா கூடாதா என்பதோடு பாடத்தை முடித்துவிடுவோம். ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகள் பற்றிய ஹதீஸை ஓதிக்காட்டி, சிறுவர் விளையாட்டுக்கு அறிஞர்களில் பலர் அனுமதி அளித்துள்ளனர் என்போம். அந்த ஹதீஸிலேயே, போரிலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் பொம்மைகளைப் பார்த்து, இது என்ன, அதன் மேலிருப்பது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். துணிச் சிறகு வைத்த குதிரையைப் பற்றிய பதிலைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியும், அந்தக் கேள்விகளை நாம் எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை.

மறுநாள் மச்சானிடம் சொன்னோம். “விளையாட்டுச் சாமான்தானே மச்சான், நான் பிரிச்சுக்கூடப் பார்க்கல” என்றார். பெட்டியைத் தூக்கி எறியலாமா என்று தங்கை கேட்டாள். வேண்டாம் என்றோம், எறிந்தால் பிள்ளை அறிந்துகொள்வது மாமாவின் கோபத்தை மட்டுமே.

ஃபஜ்ருக்குப் பின் அவனருகில் அமர்ந்து, துண்டு கட்டிய ஒருவரைக் கையில் எடுத்து, “இவர் யார்?” என்று கேட்டோம். நெடுநேரம் யோசித்தான். பின்பு அந்தச் சிறு கையிலிருந்த துப்பாக்கியைக் கழற்றி வைத்தான்.

“இவர் கடை வச்சிருக்கார் மாமா.”

“என்ன கடை?”

“இன்னும் முடிவு பண்ணல” என்றான்.