சித்தப்பாவின் வானொலியும் விண்மீன்களின் வானொலியும்

எங்கள் வீட்டுத் திண்ணையில் விடிந்ததும் பேசத் தொடங்கும் வானொலிப் பெட்டி ஒன்று உண்டு. அதன் அருகில் என் சித்தப்பா அமர்ந்திருப்பார். அவருக்குக் கண் தெரியாது. மழை வருமா, மிளகாய் என்ன விலை, நாட்டில் என்ன நடந்தது என்பதையெல்லாம் எங்கள் தெருவில் முதலில் அறிபவர் அவரே. தூத்துக்குடி நிலையத்தையும், இரவில் கடல் தாண்டி வரும் இலங்கை நிலையத்தையும் முள்ளைத் திருகி ஒரு நொடியில் பிடித்துவிடுவார்.

சித்தப்பா பிறவியிலேயே பார்வை இழந்தவர் அல்லர். கடலாடிப் பக்கத்தில் சீமைக் கருவேல விறகை அடுக்கிக் கரி மூட்டம் போடுவதில் கைதேர்ந்தவராக இருந்தவர். நான் ஐந்து வயதுச் சிறுமியாக இருந்தபோது, வேலை தேடி வெளியூர் சென்ற இடத்தில், உடன் இருந்தவர்களோடு சேர்ந்து விஷச் சாராயம் குடித்துவிட்டார். உயிர் பிழைத்து வீடு வந்து சேர்ந்தார். பார்வை திரும்பவில்லை.

இவ்வாண்டு வேதியியல் வகுப்பில் அந்த விஷத்தின் பெயரைப் படித்தோம். மெத்தில் ஆல்கஹால். உடலுக்குள் சென்றதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் என்று ஆசிரியை விளக்கினார். தோழியர் எல்லோரும் குறிப்பு எழுதினார்கள். நான் எழுதவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குச் சில வாரங்களுக்குப் பின் எங்கள் வகுப்பு உதகைக்குச் சுற்றுலா சென்றது. முத்தோரையில் மலைச்சரிவின் மேல் நீண்டு கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைக் கண்டோம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம்! கோவிந்த் ஸ்வரூப் என்னும் விஞ்ஞானியின் தலைமையில் நம் நாட்டவரே திட்டமிட்டு 1970-இல் அமைத்தது. அவ்விடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு சாய்வுள்ள மலையைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் கட்டியிருக்கிறார்கள். ஆகவே ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்துப் பொருள் ஒன்றை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நோக்கலாம். எனக்கு எங்கள் திண்ணையின் ஞாபகம் வந்தது. கண்ணில்லாமல் காதால் உலகை அறியும் கருவி அல்லவா இது!

ஊர் திரும்பியதும் இயற்பியல் கற்பிக்கும் எங்கள் அருட்சகோதரியிடம், "வானத்தில் வேறு எவையெல்லாம் வானொலி போலப் பேசுகின்றன, சிஸ்டர்?" என்று கேட்டேன். அவர்கள் சில கட்டுரைகளைத் தேடித் தந்து, "படித்துவிட்டு வீட்டில் யாருக்காவது சொல். பிறருக்குச் சொல்ல முடிந்தால்தான் உனக்குப் புரிந்தது என்று அர்த்தம்" என்றார்கள். நான் சித்தப்பாவுக்குச் சொல்லலானேன்.

"விண்மீனும் பிறக்கிறது, சித்தப்பா. ஆனா பிறக்கிற இடத்தை யாராலும் பார்க்க முடியாது. சுத்தி ஒரே தூசி."

"நம்ம மூட்டம் மாதிரியா?" என்றார்.

அதைவிட நல்ல உவமை எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. விறகை அடுக்கி, இலைதழை போட்டு, மண்ணால் மூடித் தீ வைத்தால், உள்ளே கனன்றுகொண்டிருக்கும் நெருப்பு வெளியே தெரியாது. புகையைக் கொண்டுதான் உள்ளே என்ன நடக்கிறதென்று அறிய வேண்டும். விண்மீன்களும் அப்படியே. குளிர்ந்த வாயுவும் தூசியும் நிறைந்த பெரும் முகில்களுக்குள், தம் எடையாலேயே சுருங்கிச் சூடேறி அவை பிறக்கின்றன. அந்தத் தூசித் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஒளி அலையும் அவ்வளவு சிறியதே. ஆதலால் தூசியில் சிக்கிவிடுகிறது. சென்டிமீட்டர் கணக்கில் நீளமுள்ள ரேடியோ அலைகளோ அதைத் தாண்டி வந்துவிடுகின்றன.

"அங்கே இருந்து யாரு ஆத்தா பேசுறா?" என்று கேட்டார் சித்தப்பா.

மூலக்கூறுகள் பேசுகின்றன. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அலைவரிசை இருப்பது போல ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதற்கே உரிய அலைவரிசைகள் உண்டு. 1965-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஹரால்ட் வீவரும் அவர் குழுவினரும் 1,665 மெகாஹெர்ட்ஸில் எதிர்பாராத வலுவுடன் வந்த அலைகளைக் கண்டு திகைத்தார்கள். இன்னதென்று விளங்காமல் அதற்கு 'மிஸ்டீரியம்' என்று பெயரிட்டார்கள். பின்னரே, அது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் என்பதும், அதன் குரலை ஏதோ ஒன்று பன்மடங்கு பெருக்கிவிடுகிறது என்பதும் தெளிவாயின.

அந்தப் பெருக்கத்தின் பெயர்தான் மேசர். லேசர் ஒளிக்கு மூத்த அக்காள் என்று சொல்லலாம். சார்லஸ் டவுன்ஸ் என்பவர் தம் குழுவினருடன் 1954-இல் அம்மோனியா வாயுவைக் கொண்டு முதல் மேசரை ஆய்வுக்கூடத்தில் இயக்கிக் காட்டி, 1964-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நம் காலை வழிபாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பாடத் தயாராக நிற்கிறோம். முன்வரிசையில் ஒருத்தி தொடங்குகிறாள்; அதே சுருதியில், அதே தாளத்தில் வரிசை வரிசையாக எல்லோரும் சேர்ந்துகொள்கிறோம். ஒரு குரல் முந்நூறு குரலாகிறது. வெப்பத்தாலோ மோதலாலோ ஆற்றல் ஏறித் தயாராக நிற்கும் மூலக்கூறுகளைத் தகுந்த அலை ஒன்று தொட்டதும், அவையும் அதே அலையை அதே ஒழுங்கில் வெளியிடுகின்றன. மனிதர் அரும்பாடுபட்டுச் செய்ததை வானம் வெகுகாலமாகத் தானே செய்துகொண்டிருந்தது!

1969-இல் டவுன்ஸ் இடம்பெற்ற குழுவினர் 22,235 மெகாஹெர்ட்ஸில் நீராவியின் அலைகளையும் கண்டார்கள். அவை வந்த இடங்களுள் ஒன்று ஓரியன் முகில். மார்கழி இரவில் கிழக்கே வரிசையாக எழும் மூன்று விண்மீன்களுக்கு அருகில், ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில் அது இருக்கிறது.

"மூணு மீனா! மூட்டத்துக்குக் காவல் இருக்கையில அதைப் பார்த்துத்தானே நான் மணி சொல்வேன்" என்றார் சித்தப்பா. அவர் கடைசியாக அவற்றைப் பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆயின!

பிறகு அவர் கேட்டார்: "புதுசாப் பெரிய மீன் பிறந்திருக்குன்னு நிச்சயமாச் சொல்றது எந்த நிலையம்?"

விடை எனக்குத் தெரியும். அருட்சகோதரி தந்த கட்டுரையில் சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருந்தேன். மெத்தில் ஆல்கஹால்! அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை. "அது ஏதோ ஒரு வாயு, சித்தப்பா. பேர் மறந்துபோச்சு" என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மூன்று நாட்கள் எனக்கு நிம்மதி இல்லை. நான்காம் நாள் மாலை, திண்ணையில் போய் அமர்ந்து உண்மையைச் சொன்னேன். சித்தப்பா வானொலியை நிறுத்திவிட்டார்.

"நான் குடிச்சதுதானா?"

"அதே மூலக்கூறுதான், சித்தப்பா."

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அங்கே அது பிள்ளை பிறந்த சேதி சொல்லுது. அதுமேல குத்தம் இல்லை. வித்தவன் குத்தம், குடிச்ச என் குத்தம்" என்றார். சற்றுப் பொறுத்து, "இதை ஏன் மறைச்சே?" என்றார்.

"உங்க மனசு நோகுமேன்னுதான்."

"கண்ணுதான் போச்சு. நீங்க சொல்றதை வச்சுத்தான் எனக்கு உலகம். அதிலயும் மறைச்சா எனக்கு என்ன மிஞ்சும், ஆத்தா? முழுசாச் சொல்லு."

முழுவதும் சொன்னேன். குளிர்ந்த தூசித் துகள்களின் மேல் மெத்தில் ஆல்கஹால் பனிபோல் உறைந்திருக்கிறது. உள்ளே விண்மீன் உருவாகிச் சூடு பரவியதும் ஆவியாகிறது. சூடேறிய தூசியின் அகச்சிவப்புக் கதிர்கள் அதற்கு ஆற்றல் ஊட்ட, 6,668 மெகாஹெர்ட்ஸில் அது உரத்துப் பேசுகிறது. அலையின் நீளம் நாலரை சென்டிமீட்டர், ஏறக்குறைய என் சுண்டுவிரல் அளவு. 1991-இல் இதைக் கண்டறிந்தவர் ஜெர்மானியரான கார்ல் மென்டென். நம் சூரியனைவிடப் பல மடங்கு எடையுள்ள விண்மீன்கள் பிறக்கும் இடங்களில்தான் இந்த அலை வலுவாகக் கேட்கிறது.

இந்தத் துறையில் நம்மவர்களும் உழைத்திருக்கிறார்கள். போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் 305 மீட்டர் அகலமான மாபெரும் தொலைநோக்கியைக் கொண்டு, ஜகதீப் பாண்டியன், பால் கோல்ட்ஸ்மித், அவினாஷ் தேஷ்பாண்டே ஆகிய மூவர் பால்வீதியின் ஒரு பகுதியைத் துழாவினார்கள். முழுநிலவு தொண்ணூறு கொள்ளும் அளவுப் பரப்பு. 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். கிடைத்தவை 86 மேசர்கள். அவற்றுள் 48 அதுவரை எவரும் அறியாதவை. தேஷ்பாண்டே பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். பாண்டியன் பின்னாளில் திருவனந்தபுரத்து இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிலையத்தில் பேராசிரியரானார். அந்தத் தொலைநோக்கி 2020 டிசம்பர் 1-ஆம் நாள் இடிந்து விழுந்துவிட்டது. அது கண்டுபிடித்துத் தந்தவை நிலைத்திருக்கின்றன.

"அது எம்புட்டுத் தூரம்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"நான் கூப்பிட்டா எந்தப் பக்கம்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"ரெண்டு காது இருக்கே!"

விஞ்ஞானிகளும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள தொலைநோக்கிகளைக் காதுகளாகக் கொண்டு, ஒரே அலை எங்கே முந்தி, எங்கே பிந்தி வருகிறதென்று கணக்கிடுகிறார்கள். பூமி சூரியனைச் சுற்றும்போது மேசர் இருக்கும் திசை மிக நுட்பமாக மாறுகிறது. அதைக்கொண்டு தொலைவு கிடைக்கிறது. மெத்தில் ஆல்கஹாலின் இன்னொரு அலைவரிசையைக் கேட்டு, ஏறத்தாழ 6,400 ஒளியாண்டுக்கு அப்பால் விண்மீன்கள் பிறக்கும் ஓர் இடத்தை அளந்து 2006-இல் வெளியிட்டார்கள். பால்வீதியின் சுருள் கரங்களை இவ்வாறே அளந்து வருகிறார்கள்.

இப்போது திண்ணைக்கு வருபவர்களுக்கெல்லாம் சித்தப்பா இந்தக் கதையைச் சொல்கிறார். "அதே சரக்குத்தான்" என்று தொடங்கித் தம் கதையையும் மறைக்காமல் சொல்கிறார். கேட்பவர்களில் குடிப்பழக்கம் உள்ளவர்களும் உண்டு. அவர்கள் தலைகுனிவதை நான் பார்த்திருக்கிறேன். இயற்பியல் பட்டப்படிப்புப் படிக்க வேண்டும் என்ற என் ஆசைக்கு அப்பா இன்னும் "பார்க்கலாம்" என்றுதான் சொல்கிறார். எனக்காகப் பேசுபவர் சித்தப்பாவே.

அன்புத் தோழியரே! 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தில் ஆல்கஹால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அப்பாவிடமும் மாமாவிடமும் அண்ணனிடமும் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். மனம் நோகுமே என்று மறைத்துவிடாதீர்கள்.

இந்த மலர் அச்சாகி வந்ததும் சித்தப்பாவுக்கு முதலில் வாசித்துக் காட்டுவதாக வாக்களித்திருக்கிறேன். ஒரு வரியும் விடாமல் வாசிப்பேன்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி