47 கஜம்

போன மாதம் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் நம் அணி தோற்றது. கடைசி ஓவரில் ஒரு பையன் கேட்ச் விட்டான். அரை மணி நேரத்துக்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவன் ஊர், சாதி, அம்மா வரைக்கும் இழுத்து முடித்துவிட்டார்கள். "சின்னப் பிள்ளைடா, விடுங்க" என்று எழுதினேன். அண்ணன் மகன் உடனே பதில் போட்டான்: "சித்தப்பா, நீங்க பஃபலோ குளிர்ல உக்காந்திருக்கீங்க. எங்க வலி உங்களுக்குப் புரியாது."

வலியா? தோல்வியின் வலி பற்றிப் பஃபலோக்காரனுக்கா பாடம் எடுக்கிறாய் தம்பி?

வந்த புதிதில் இந்த ஊர் ஃபுட்பாலை நானும் கேலி செய்தவன்தான். 60 நிமிட ஆட்டத்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுப்பார்கள். பேர்தான் ஃபுட்பால், காலால் உதைக்கிற ஒருத்தனை ஆட்டக்காரன் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். மற்றவர்கள் முட்டி மோதிச் சேறாகிக் கிடக்க, அவன் சட்டை கசங்காமல் ஓரத்தில் நிற்பான். கூப்பிட்டால் வந்து ஒரு உதை, திரும்பிப் போய் நிற்பான். பந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. போகாவிட்டால் அவன் கதி அதோகதி.

என் கேலியை நிறுத்தியவர் எதிர்வீட்டுப் பெரியவர். இரும்பாலை வேலை போனவர்களில் அவரும் ஒருவர். ஒரு பனிக்காலத்தில் வாசல் பனியைச் சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தபோது 1990 சீசனைச் சொல்ல ஆரம்பித்தார். நம் வீட்டுத் திண்ணைகளில் பாரதம் சொல்வார்களே, அந்த மாதிரி. முடிவு தெரிந்த கதைதான். ஆனாலும் நிறுத்த முடியாது.

அந்த வருஷம் பஃபலோ பில்ஸ் அணி 16 ஆட்டத்தில் 13 ஜெயித்தது. பயிற்சியாளர் மார்வ் லீவி. பந்தை எறிகிறவர் ஜிம் கெல்லி, ஓடுகிறவர் தர்மன் தாமஸ். மற்ற அணிகள் ஒவ்வொரு ஆட்டத் துண்டுக்கும் முன்னால் வட்டமாகக் கூடி ரகசியம் பேசும். பில்ஸ் அந்தக் கூட்டத்தையே எடுத்துவிட்டது. எதிராளி மூச்சு வாங்குவதற்குள் கெல்லி நின்ற இடத்திலிருந்தே அடுத்த உத்தியைக் கத்திவிடுவார். அரையிறுதி மாதிரியான ஆட்டத்தில் ரெய்டர்ஸ் அணியை 51-3 என்று துவைத்துப் போட்டார்கள். பெத்லஹேம் ஸ்டீல் 1983-ல் பக்கத்து லாக்கவானாவில் உலைகளை அணைத்ததிலிருந்து துவண்டு கிடந்த ஊர் அது. அந்த ஜனவரியில் அதற்குப் பனிகூடச் சுட்டிருக்கும்.

1991 ஜனவரி 27. டாம்பாவில் சூப்பர் பௌல், அதாவது இறுதி ஆட்டம். வளைகுடாப் போர் தொடங்கிப் பத்து நாள். விட்னி ஹூஸ்டன் தேசிய கீதம் பாடினார். எதிரணி நியூயார்க் ஜெயன்ட்ஸ். வேகமாக ஆடுகிறவனைத் தோற்கடிக்க அவர்கள் கண்டுபிடித்த வழி, பந்தையே அவன் கையில் கொடுக்காமல் இருப்பது. மூன்றாம் கால் பகுதியில் ஒரே முயற்சியில் ஒன்பதரை நிமிடத்தைத் தின்றார்கள். மொத்த ஆட்டத்தில் 40 நிமிடத்துக்கு மேல் பந்து அவர்களிடம்தான். அப்படியும் இடைவெளி ஒரே புள்ளி: 20-19. கடைசி இரண்டு நிமிடத்தில் பில்ஸ் தன் எல்லையோரத்திலிருந்து அடித்துப் பிடித்து முன்னேறியது. எட்டு விநாடி மிச்சம். ஓரத்தில் நின்றவரைக் கூப்பிட்டார்கள்.

ஸ்காட் நார்வுட். 47 கஜ தூரம். பழகியதோ சொந்த மைதானத்தின் செயற்கைத் தரை. இங்கே நிஜப் புல். பந்து உயரம் எடுத்தது, தூரம் எடுத்தது, வலது கம்பத்துக்கு வெளியே போனது.

பெரியவர் இந்த இடத்தில் மண்வெட்டியை ஊன்றி நிற்பார். அவர் சொல்ல வந்த கதை இனிமேல்தான் தொடங்குகிறது.

மறுநாள் திங்கட்கிழமை. தோற்ற அணி ஊர் திரும்புகிறது. நகர மன்றத்துக்கு எதிரே நயாகரா சதுக்கத்தில், ஜனவரிக் குளிரில், 25,000 பேருக்கு மேல் கூடினார்கள். கல்லோடு இல்லை. நார்வுட் மேடையில் பின்னால் ஒளிந்தாற்போல நின்றிருக்கிறார். கூட்டம் அவர் பெயரைச் சொல்லி அவர்தான் வேண்டும் என்று முழங்கியது. முன்னால் வந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அன்பை இதற்கு முன் உணர்ந்ததில்லை என்றார். பெரியவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். "தொண்டை கட்டி மூன்று நாள் பேச்சே வரவில்லை" என்பார், கோப்பையை வென்றவர் மாதிரி.

இதைத்தான் குழுவில் எழுதினேன். கூடவே 2007-ல் ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டை உடைத்ததையும், 1996-ல் ஈடன் கார்டனில் பாட்டில் பறந்ததையும். அனுப்பிய கையோடு எனக்கே உறுத்தியது. பஃபலோவை வைத்து அமெரிக்காவுக்கே சான்றிதழ் கொடுக்கிறேனா? 1986-ல் பில் பக்னர் கால்களுக்கிடையே ஒரு பேஸ்பால் உருண்டு போனதற்குப் பாஸ்டன் அவரை எத்தனை வருஷம் வறுத்தது! 2008-ல் கூப்பிட்டு எழுந்து நின்று கைதட்டினார்கள். அதற்குள் இரண்டு கோப்பை வீட்டுக்கு வந்திருந்தது. வயிறு நிறைந்தவன் மன்னிப்பது பெரிதில்லை. பஃபலோ அடுத்த மூன்று வருஷமும் இறுதிவரை போய்த் தோற்றது, இன்றுவரை வெல்லவில்லை. அதன் மன்னிப்பு பசித்தவன் பந்தி. ஆனால் அணி நிர்வாகம் வேறு ரகம்: அடுத்த சீசன் முடிந்ததும் புது உதைப்பாளரைப் பிடித்துக்கொண்டு நார்வுட்டை அனுப்பிவிட்டது. சதுக்கத்தின் மனசு அலுவலகத்துக்குக் கிடையாது.

நம்மிடம் ஒன்றுமே இல்லையா? 1999 ஜனவரி 31, ஞாயிறு, சேப்பாக்கம். பாகிஸ்தானை ஜெயிக்க 271 வேண்டும். முதுகு வலியோடு டெண்டுல்கர் 136. அவர் போனபோது இன்னும் 17 ரன். கடைசி மூன்று விக்கெட் நான்கு ரன்னில் சரிந்து, 12 ரன்னில் பாகிஸ்தான் ஜெயித்தது. மைதானம் ஒரு கணம் செத்துக் கிடந்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரமின் அணி அந்தக் கைதட்டலுக்கு நடுவே மைதானத்தைச் சுற்றி வந்தது. நானும் அண்ணனும் கை சிவக்கத் தட்டினோம். அப்படி ஒரு கூட்டத்தைப் பஃபலோவிலும் காட்ட முடியாது என்று இன்றும் சண்டை போடுவேன்.

ஆனால் அன்று மந்தைவெளி பஸ்ஸில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இறங்கும் வரைக்கும் கடைசி மூன்று ஆட்டக்காரர்களையும் அண்ணன் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே வந்தான். நான் எடுத்துக் கொடுத்தேன். ஜெயித்த எதிராளிக்குக் கைதட்ட எங்களுக்குத் தெரிந்திருந்தது. தவறவிட்ட நம்மவனுக்குத் தட்டத் தெரியவில்லை. எதிராளி நாளைக்கு ஊருக்குப் போய்விடுவான். நம்மவன் முகத்தைத்தான் தினமும் பார்க்க வேண்டும். அது கஷ்டம்.

பஸ் கதை உட்பட எல்லாவற்றையும் குழுவில் போட்டேன். அண்ணன் மகன் வெகு நேரம் கழித்து எழுதினான்: "அப்பா சேப்பாக்கத்துல இருந்தாரா? சொன்னதே இல்லையே." எதிர்வீட்டுப் பெரியவரின் பேரப்பிள்ளைகள் அந்த 47 கஜத்தை மனப்பாடமாகச் சொல்லும். நம் பிள்ளைகளுக்கு 1983 கோப்பை மட்டும் தெரியும்.

"அந்த நார்வுட் அப்புறம் என்ன ஆனார்?" என்று கேட்டான். அடுத்த ஜனவரியில் டென்வருக்கு எதிராக 44 கஜத்திலிருந்து உதைத்தார், போனது. 10-7 என்று ஜெயித்து மறுபடி சூப்பர் பௌலுக்குப் போனார்கள் என்றேன். ஒரு கைதட்டல் பொம்மை வந்தது.

குழுவில் எதுவுமே எழுதாத அண்ணன் அன்றிரவு முதல்முறையாக ஒரு வரி போட்டான்: "அந்த மூணு பேரை நான் இன்னும் மன்னிக்கலடா."