பாழ், தரிசு, கிடை

'பாழ்' என்ற சொல் நம் புதுக்கவிதையில் படும் பாட்டை யாராவது கணக்கெடுக்க வேண்டும். எலியட்டின் பாழ்நிலம் 1922ல் வந்தது. முதல் உலகப் போருக்குப் பிந்திய ஐரோப்பிய மனத்தின் வறட்சி அது. அங்கே அதற்கு நியாயம் இருந்தது. நாம் அதை வாங்கிக்கொண்டபோது, வறண்ட நிலம் என்றாலே அர்த்தம் செத்த நிலம் என்ற தீர்மானத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டோம். ராமநாதபுரத்துப் பொட்டல் நமக்கு மனவெறுமையின் படிமம். அந்தப் பொட்டலில் எது எதை மேய்ந்து பிழைக்கிறது என்று கேட்க வேண்டிய அவசியம் படிமத்துக்கு இல்லை.

இந்தக் காரியத்தை நமக்கு முன்பே செய்து முடித்தவர்கள் வருவாய்த்துறையினர். ஏர் போகாத நிலம் காலனிக் காலத்துக் கணக்கில் 'தரிசு' ஆயிற்று. 1985ல் தொடங்கிய தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியமும் அந்தப் பார்வையைத்தான் சுவீகரித்தது. உழவு இல்லையென்றால் ஒன்றுமில்லை. கவிஞனுக்கும் கர்ணத்துக்கும் இதில் அபிப்பிராய பேதம் கிடையாது.

கீதாரியின் பார்வை வேறு. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் செம்மறிக் கிடையை நடத்துகிற தலைவருக்குக் கீதாரி என்று பெயர். அந்தச் சீமையில் வடகிழக்குப் பருவமழை எல்லா ஊருக்கும் ஒன்றுபோல் பெய்வதில்லை. ஒரு கண்மாய் நிரம்பும். அடுத்த ஊர்க் கண்மாயில் புழுதி பறக்கும். புல் ஓரிடத்தில் நிற்காதபோது ஆடும் நிற்க முடியாது. இதைப் பஞ்சம் பிழைக்கப் போவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அல்ல. எங்கே பெய்யும் என்று சொல்ல முடியாத மழையை நம்பி, அதற்குத் தோதாக அமைத்துக்கொண்ட ஒரு முறை இது. நகர்வதுதான் அதன் முதலீடு.

மழைக்காலத்தில் டெல்டா வயல்களில் நெல் நிற்கும். மந்தை அப்போது சொந்தச் சீமையின் மேட்டுக் காட்டில் மேயும். தை, மாசியில் சம்பா அறுத்ததும் வடக்கே நடை. பகலில் அறுத்த தாளில் மேய்ச்சல். இரவில் வயலில் வலை கட்டிக் கிடை. மறுநாள் இரவு கிடை சில அடி தள்ளிப் போடப்படும். புழுக்கையும் மூத்திரமும் வயல் முழுக்கப் பரவிச் சேர்வது இப்படித்தான். இதற்கு வயல்காரர் காசோ நெல்லோ கொடுக்கிறார். மேட்டூர் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதை ஒட்டிக் குறுவை உழவு தொடங்கும் வரை இந்த உறவு செல்லும். காவிரி வயலின் செழிப்பில் வறண்ட சீமையின் பங்கு ஒன்று உண்டென்று எந்தத் தஞ்சைப் பெருமைப் பேச்சிலும் நான் கேட்டதில்லை.

நம் பழைய மரபு இதை எப்படிப் பார்த்தது? ஆயர்களுக்கு முல்லை, முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். நடந்து பிழைக்கிறவர்களின் திணைக்கு இருத்தலை உரிமையாக்கியது விசித்திரம்தான். காத்திருக்க ஒருத்தி வேண்டுமென்றால் போனவன் ஒருவன் வேண்டும். அவனைக் கவிதை பாசறைக்கு அனுப்பியதே தவிர மேய்ச்சலுக்கு அனுப்பவில்லை. மாடுகளோ மாலையில் ஊர் திரும்பிவிடுகின்றன. மாதக்கணக்காகப் போகிற மந்தைக்கு அங்கே இடமில்லை. ஆனால் அதே மரபில் இன்னொன்றும் இருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்கிறார் இளங்கோ. அதாவது வறட்சி என்பது நிலத்தின் ஜாதி அல்ல, காலத்தின் நிலை. மழை பெய்தால் அது திரும்பவும் முல்லை. கீதாரிக்குத் தெரிந்ததும் இதுதான். தரிசு என்று நிரந்தர முத்திரை குத்தும் கணக்கேட்டுக்கும், பாழ் என்று நிரந்தரமாகத் துக்கப்படும் நம் கவிதைக்கும்தான் இது தெரியவில்லை.

முத்திரையின் விளைவை என் மேஜையிலேயே பார்க்கிறேன். கிசான் கிரெடிட் கார்டுக் கடன் 2019ல் கால்நடை வளர்ப்போருக்கும் விரிந்தது. ஆடு வளர்ப்பவருக்குச் சொந்தமாகவோ வாடகைக்கோ குத்தகைக்கோ கொட்டகை இருக்க வேண்டும் என்பது விதி. "கொட்டகை எங்கேய்யா இருக்கு?" என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். "வலை கட்டுற எடந்தான் சார் கொட்டகை. இன்னிக்கு ராத்திரி எங்கேன்னு கேளுங்க, சொல்றேன்" என்றார். படிவத்தில் இன்று ராத்திரிக்குக் கட்டம் இல்லை. நாட்டில் கால்நடைக் கணக்கெடுப்பு 1919ல் தொடங்கியது. நகர்ந்து மேய்ப்பவர்களைத் தனியாகக் கணக்கில் கொண்டது 2024ல் தொடங்கிய 21வது கணக்கெடுப்புதான். நூறு வருஷத்துக்கு மேலாக, வீட்டு வாசலில் கட்டியிருந்தால்தான் மாடு.

இதற்கிடையில் நடைவழி சுருங்கிவிட்டது. மேய்ச்சல் புறம்போக்கில் சீமைக்கருவேல். ஆழ்துளைக் கிணறு வந்த வயலில் கோடையிலும் பயிர். மிஞ்சிய பாதை நெடுஞ்சாலை, அங்கே லாரி. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுவதிலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. பிறகு அதே மாதத்தில் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குக் குறைத்தது. நாடோடி மேய்ப்பர்களின் பருவகால மேய்ச்சல் உரிமையை 2006ன் வன உரிமைச் சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஐ.நா.வும் 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்தது. அறிவிப்பது சுலபம்.

இதையெல்லாம் சொல்வதால் கிடையை ஒரு புனிதமாக்கிக் கும்பிடச் சொல்கிறேன் என்று அர்த்தமில்லை. கிடையோடு போகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வாங்கிய பணத்துக்கு ஈடாக டெல்டாவின் ஏழைச் சிறுவர்கள் ஆடு மேய்க்க விடப்பட்டு, பின்னால் மீட்கப்பட்ட செய்திகள் கஜா புயலுக்குப் (2018) பின் வந்தன. நாடோடி வாழ்வின் சுதந்திரம் என்று உருகுகிறவர்கள் இந்தச் சிறுவர்களையும் தம் உருக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழுதைச் சரிசெய்வது வேறு, முறையையே இல்லாததாக எண்ணுவது வேறு. இரண்டாவதைச் செய்துகொண்டிருக்கும் வரை முதலாவதற்கு வழி பிறக்காது.

கிடையைப் பற்றிக் கவிதை எழுதுங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கி. ராஜநாராயணனின் 'கிடை' இருக்கிறது; வெளியில் நின்று பரிதாபப்படாமல் உள்ளே நின்று எழுதியது. நான் கேட்பது சிறிய விஷயம். அடுத்த முறை பொட்டலைப் பார்த்துப் பாழ் என்று எழுதப் போகும் நண்பர், போன மார்கழியில் அங்கே என்ன முளைத்தது, எத்தனை ஆடு மேய்ந்தது என்று பக்கத்து ஊரில் விசாரித்துவிட்டு எழுதட்டும்.