மூச்சும் கட்டளையும்

மரதன் போர்க்களத்திலிருந்து ஏதென்சு நகர்வரை ஓடிச் சென்று, வெற்றிச் செய்தியைக் கூறிய மறுகணமே வீழ்ந்து மாண்ட தூதனின் கதை பலரும் அறிந்ததே. ஹெரோடோட்டசின் வரலாற்றில் அக்கதை இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து எழுதியோரே அதனைக் கூறினர். மெய்யோ புனைவோ, அவ்வாறு ஓடியவன் நல்ல தூதனாக இருந்திருக்கலாம். படை அதிகாரியாக இருந்திருக்க இயலாது. சேர்ந்த இடத்தில் நின்று நிலைமையை நோக்கி, அடுத்துச் செய்யவேண்டியதைப் பிறருக்கு எடுத்துரைக்க மூச்சு மிஞ்சியிருப்பவனே அதிகாரி.

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் குவான்ரிக்கோ என்னுமிடத்தில் மரீன் படையின் அதிகாரிப் பயிற்சிப் பாடசாலை உள்ளது. அதற்குச் செல்ல விழையும் பல்கலைக்கழக மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அப்படையின் உடற்றகுதிப் பரீட்சையில் 3 மைல் ஓட்டம் ஒரு பகுதி. 18 நிமிடத்தில் ஓடி முடிக்கும் இளைஞனுக்கு முழுப்புள்ளி. நம் மாணவனுக்கோ 24 நிமிடம் செல்கிறது. எஞ்சியிருப்பவை மூன்று மாதங்கள். அவன் என் செய்வான்? நாள்தோறும் அதே 3 மைலை இயன்றமட்டும் விரைந்தோடி, முடிவில் மணிக்கூட்டைப் பார்ப்பான். முதலிரு வாரங்களில் நேரம் குறையும். மூன்றாம் வாரத்தில் அது அசையாது நிற்கும். பின்னர் கணைக்கால் நோகத் தொடங்கும். பாடத்தைப் படியாது வினாத்தாளை மட்டும் நாள்தோறும் எழுதும் மாணவனின் நிலை இது. இத்தகையோர் ஓட்டத்திடலில் மட்டுமல்லர், நூலகத்திலும் உளர்.

இதற்கு மாறான வழியை உலகுக்குக் காட்டியவர்களுள் முதன்மையானவர் நியூசிலாந்தின் ஆதர் லிடியாட். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலைசெய்த அவர், தம் உடலையே சோதனைக்களமாக்கி ஒரு முறையை வகுத்தார். 800 மீற்றர் ஓடுபவனையும் வாரத்துக்கு 100 மைல்வரை, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடவைத்தார்; வைற்றாக்கரே மலைச்சாரலில் 22 மைல் ஓட்டமும் அதில் அடங்கும். இரண்டு நிமிடத்துக்குள் முடியும் போட்டிக்கு இரண்டு மணிநேர ஓட்டம் எதற்கு என்று கேட்டோர் பலர். 1960 செப்டெம்பர் 2ஆம் நாள் உரோமாபுரியில் அவருடைய மாணவர் பீற்றர் சினெல் 800 மீற்றரிலும், மறி ஹல்பேர்க் 5000 மீற்றரிலும் தங்கப்பதக்கம் வென்றனர்.

காரணம் உடலின் அமைப்பிலேயே உள்ளது. மெதுவான நீண்ட ஓட்டத்தினால் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான குருதியை வெளியேற்றக் கற்கிறது. தசைகளில் மயிர்க்குழாய்கள் பெருகுகின்றன. ஒட்சிசனைப் பயன்படுத்தும் இழைமணிகள் பெருகுகின்றன. இவற்றுட் பல சில வாரங்களிலேயே தொடங்கிவிடும். ஆனால் என்பும் தசைநாணும் அவ்வளவு விரைவில் இசைவதில்லை. புதிய சுமையை உணர்ந்த என்பு முதலிற் பழைய இழையத்தை அரித்து நீக்கிவிட்டே புதியதைக் கட்டுகிறது. வீடு திருத்துவோர் கூரையை முதலிற் கழற்றுவது போன்றது அது. அவ்விடைக்காலத்திலேதான், மூச்சு வலுப்பெற்ற மகிழ்ச்சியில், இளைஞன் தூரத்தை இரட்டிப்பாக்குகிறான். பிரசிய இராணுவ வைத்தியர் பிறைற்ஹௌப்ற் 1855இல் படைவீரரின் வீங்கிய பாதங்களைப் பற்றி எழுதினார். அவ்வீக்கத்தின் காரணம் நுண்ணிய என்பு முறிவே என்பது எக்சு கதிர் வந்தபின்னரே தெளிவாயிற்று. நூற்றாண்டுக்கு மேலாகியும் பயிற்சி முகாம்களிலிருந்து பலரை வீட்டுக்கு அனுப்புவது அம்முறிவுதான்.

ஆகவே, பெரும்பாலான நாட்களில் ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிச் சொல்லக்கூடிய வேகம், வாரத்தில் ஒருநாள் சற்று நீண்ட ஓட்டம், சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டல், உறக்கம். அடித்தளம் அமைந்தபின் வாரத்தில் ஒருநாளோ இருநாளோ விரைவோட்டம். செக்கொசிலோவாக்கியப் படை அதிகாரியான எமில் சட்டோபெக் 400 மீற்றரை மீண்டும் மீண்டும் ஓடிப் பழகியவர், கனத்த படைச் சப்பாத்தணிந்தும் ஓடியவர் என்று கூறி, விரைவையே முதன்மைப்படுத்துவோர் உண்டு. 1952இல் ஹெல்சிங்கியில் 5000 மீற்றர், 10000 மீற்றர், மரதன் மூன்றிலும் வென்றவர் அவர். எனினும் பல்லாண்டுப் பயிற்சி தாங்கிய கால்களுக்குப் பொருந்தியதை மூன்று மாதக் கால்களுக்கு விதித்தல் தகாது.

உண்மையில் இம்முறையின் கடினம் உடலைச் சார்ந்ததன்று. படைவீரனாக வேண்டும் என்று கனவு காணும் இருபது வயதினன் மெதுவாக ஓட நாணுகிறான். நரைத்த தலையர் ஒருவர் அவனைக் கடந்து செல்லும்போது, அன்றைய பயிற்சி அங்கேயே கெடுகிறது; அவன் அவரைத் துரத்தத் தொடங்குகிறான். தன் வேகத்தைத் தானே ஆளவியலாதவன் முப்பதுபேரின் வேகத்தை எங்ஙனம் ஆள்வான்?

குவான்ரிக்கோவின் காட்டுப்பாதைகள் மேடும் பள்ளமுமானவை. கோடையிற் காற்று ஈரம் கனத்திருக்கும். அங்கு ஓட்டம் பெரும்பாலும் அணியோடுதான். அடிகளுக்கு ஏற்பக் குரல்கொடுத்து அணியை நடத்துபவன் தானும் ஓடிக்கொண்டே குரல்கொடுக்கிறான். மற்றையோர் அக்குரலுக்கு மறுகுரல் எழுப்புகின்றனர். மேட்டில் ஏறும்போதும் அக்குரல் நிற்பதில்லை.